புதிருக்கு வழித்துணை

சென்னையிலும் தமிழ்நாட்டின் மற்ற நகரங்களிலும், 'தி ஹிந்து' பத்திரிகையைக் காலையில் கையில் எடுத்தவுடன், தலையங்கத்தையும் விளையாட்டுச் செய்திகளையும் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாமென்று ஒதுக்கிவிட்டு, குறுக்கே பதினைந்தும் நெடுக்கே பதினைந்துமாகக் கறுப்பும் வெள்ளையும் கலந்து அச்சிடப்பட்ட குறுக்கெழுத்துப் புதிர்ச் சதுரம் ஒன்றின் எதிரே பென்சிலோடு அமர்ந்துவிடுகிற வாசகர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறார்கள். அவர்களில் புதிரை முழுவதும் விடுவித்துவிட்டு எழுந்திருப்பவர்கள் சிலரே. பெரும்பாலோர் பாதிக்கு மேல் நிரப்பி, ஏதோ ஒரு மூலையில் நாலைந்து குறிப்புகள் எவ்விதத்திலும் வசப்படாமல் நிற்க, பத்திரிகையை வைத்துவிட்டுத் தத்தம் ஜோலியைப் பார்க்கப் போகிறார்கள். போனாலும் அந்த மூலை அவர்களை விடுவதில்லை. பஸ்ஸிலும் ஆபீஸிலும் மனம் மீண்டும் மீண்டும் அதையே போய்த் தொட்டுக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் இருக்கும் ஒருவருக்கு எவ்விதமான சகாயம் செய்வது தகும், அவர்தாம் எவ்விதமான சகாயத்தைக் கேட்டுப் பெறலாம் என்பதே நான் இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம்.

மறுநாள் பத்திரிகையில் விடை வந்துவிடுகிறதே, அதற்குமேல் என்ன சகாயம் வேண்டும் என்று புதிர்ப் பழக்கம் இல்லாதவர்கள் கேட்கக்கூடும். அச்சாகி வருவது விடை மட்டுமே. அது எப்படி விடையாயிற்று என்கிற காரணம் அச்சாவதில்லை. கட்டங்களில் உட்கார்ந்திருக்கும் சொல்லையும் நேற்றைய குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தும், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள சம்பந்தம் புலப்படாமல் திகைத்து நிற்கும் வாசகருக்கு, அந்த விடை ஒரு சமாதானத்தையும் அளிப்பதில்லை. முந்தின நாள் ஒரு சொல் தெரியாமல் இருந்தது. இன்று சொல் தெரிகிறது, ஆனால் ஒரு நியாயம் தெரியவில்லை. இரண்டாவது குறையே பெரிய குறை என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் நேற்றைய சொல் இன்னொரு புதிரில் திரும்ப வருவதற்கு வருஷக்கணக்காகலாம். நேற்றைய நியாயமோ நாளைய புதிரிலேயே வேறொரு வேஷம் தரித்துக்கொண்டு வந்து நிற்கும்.

அந்த நியாயத்தின் அமைப்பு இன்னதென்று தெரிந்துகொண்டால்தான் மேலே பேச முடியும். இவ்வகைப் புதிரின் குறிப்பு ஒவ்வொன்றும் பார்வைக்கு ஒரு சாதாரண வாக்கியம்போலவே இருக்கும். ஆயினும் அதற்குள் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, விடையாகிய சொல்லின் நேரான பொருள். மற்றொன்று, அந்தச் சொல்லின் எழுத்துகள் எவ்வாறு கிடைக்கும் என்று கூறும் சூத்திரம். பொருட்பகுதி பெரும்பாலும் வாக்கியத்தின் தொடக்கத்திலோ முடிவிலோதான் நிற்கும். நடுவில் வருவது அபூர்வம். இரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே விழுகிறது என்று கண்டுகொள்வதுதான் முதல் வேலை. அதைச் செய்துவிட்டவருக்குப் பாதி விடை கிடைத்த மாதிரி. வாக்கியம் மேலோட்டமாகச் சொல்லும் கதை அந்தக் கோட்டை மறைப்பதற்காகவே புனையப்பட்டது.

ஆங்கிலப் புதிர்களிலிருந்து உதாரணம் எடுத்தால் தமிழ் எழுத்தில் அதன் நயம் முழுதும் தெரியாது என்பதால், தமிழிலேயே சில குறிப்புகளை அமைத்துக் காட்டுகிறேன்.

'தரம் குலைந்த தேர்', மூன்றெழுத்து. படித்தவுடன் பழுதடைந்து வீதியோரம் நிற்கும் ஒரு தேர் மனக்கண்ணில் தோன்றுகிறது. அந்தச் சித்திரத்தை அப்புறப்படுத்திவிட்டு, பொருளைச் சொல்லும் சொல் 'தேர்' என்றும், எஞ்சிய இரண்டு சொற்களே சூத்திரம் என்றும் பிரித்துப் பாருங்கள். 'தரம்' என்ற சொல்லின் எழுத்துகள் வரிசை குலைந்தால் 'ரதம்' ஆகிறது. 'குலைந்த', 'கலங்கிய', 'புரண்ட', 'பித்துப் பிடித்த' என்று இவ்வாறான அடைமொழி ஒன்று குறிப்பில் தென்பட்டால், அருகில் உள்ள எழுத்துகளைக் கலைத்துப் பார்க்கவேண்டும் என்பது இந்தக் கலையின் முதல் பாடங்களில் ஒன்று.

'சீதா மரைக்காயர் நடுவே மலர்ந்த பூ', இதுவும் மூன்றெழுத்து. இதில் விடை கண்முன்னே முழுசாக அச்சாகியிருக்கிறது. முதலிரண்டு சொற்களையும் இடைவெளியின்றித் தொடர்ந்து படித்தால் நடுவில் தாமரை மலர்ந்திருப்பது தெரியும். 'இரண்டு அங்கங்கள் சேர்ந்தால் நீர் ஓடுமிடம்', நான்கெழுத்து. காலும் வாயும் சேர்ந்து கால்வாய். 'ஞாயிறு போனபின் வருவது', அதுவும் நான்கெழுத்து. கிழமை என்று கொண்டாலும் திங்கள். சூரியன் என்று கொண்டாலும், அது அஸ்தமித்தபின் வானத்தில் வருவது திங்கள். இந்தக் கடைசி வகையில் சூத்திரமென்று தனியாக ஒன்றும் இல்லை. பொருளே இரு முகம் கொண்டு நிற்கிறது.

ஆங்கிலத்தில் இதற்கு ஈடாக எல்லோரும் எடுத்துக்காட்டும் தந்திரம் ஒன்று உண்டு. 'ஃப்ளவர்' என்று எழுதினால் அந்த எழுத்துகளைப் பூ என்று படிப்பதுதான் இயல்பு. ஆனால் பாய்ந்து ஓடுகின்ற எதையும், வேறு உச்சரிப்பில், அதே எழுத்துகளால் குறிக்கலாம் என்று வைத்துக்கொண்டு, 'லண்டனின் ஃப்ளவர்' என்று குறிப்பெழுதி, தேம்ஸ் நதியை விடையாக எதிர்பார்ப்பார்கள் புதிர் அமைப்பவர்கள். இதை முதன்முறையாகக் காண்கிறவருக்கு இது அக்கிரமமாகக்கூடத் தோன்றும். யாராவது ஒருவர் ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டால் பிறகு ஆயுளுக்கும் மறக்காது. கிரிக்கெட்டில் ஓட்டமெடுக்காமல் ஆட்டமிழப்பதை வாத்து என்பதால், வாத்து வந்தால் 'ஓ' என்ற எழுத்து. தொழிலாளி வந்தால் ஓயாமல் உழைக்கும் எறும்பாகிய 'ஆண்ட்'. மாலுமி வந்தால் 'டார்' அல்லது 'ஏ', 'பி' என்ற இரண்டு எழுத்துகள். இத்தகைய சம்பிரதாயங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றை எவரும் தம் சொந்த யுக்தியால் ஊகித்து அறிவது கடினம்; பரம்பரையாக ஒருவர் வாயிலாக மற்றொருவர் அறிந்துகொண்டவை அவை. ஆகவே இந்தப் பொழுதுபோக்கில் உதவி கேட்பது ஒரு குறைபாடு என்று எண்ணுவதற்கு இடமே இல்லை. உதவி வாங்காமல் புதிர் விடுவிக்கக் கற்றுக்கொண்ட ஒருவரை நான் கண்டதில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த வித்தை முற்றிலும் அந்நியமாகத் தோன்றவேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிசி என்ற பெயரால் விடுகதையைத் தொல்காப்பியமே ஓர் இலக்கிய வகையாக வைத்து எண்ணியிருக்கிறது. பிற்காலத்துத் தண்டியலங்காரம் தன் சொல்லணிப் பகுதியில் மிறைக்கவிகள் பலவற்றை வகுத்துக் கூறுகிறது. அவற்றில் சிலவற்றின் இலக்கணத்தைப் படிக்கும்போது, இன்றைய புதிர் அமைப்பாளர் ஒருவரின் கைநூலைப் படிப்பதாகவே தோன்றுகிறது. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுள் ஒளிந்து உறைவது கரந்துறைச் செய்யுள். மேலே சொன்ன தாமரை ஒளிந்திருந்த விதமும் அதுவே. பல வினாக்களுக்குத் தனித்தனியே விடை கூற, அந்த விடைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து இறுதி வினாவுக்கு விடையாவது வினாவுத்தரம். காலும் வாயும் கால்வாய் ஆனது இந்த முறையில்தான். ஒரு சொல்லில் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போய் வெவ்வேறு பொருள் காண்பது எழுத்து வருத்தனம். ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு போய்ப் பொருள் காண்பது அக்கரச் சுதகம். காளமேகப் புலவரின் சிலேடைகளை மனப்பாடம் செய்து வளர்ந்தவர்களுக்கு ஞாயிறும் திங்களும் ஒரு தடையே அல்ல. இவ்வளவு செழிப்பான சொல்விளையாட்டு மரபை உடைய மொழி, நித்தியம் ஒரு புதிராகப் பத்திரிகையில் இன்னும் பெருமளவில் பூக்கவில்லையே என்பது எனக்கு நெடுநாளைய ஏக்கம்.

குறுக்கெழுத்துப் புதிரின் சரித்திரத்தைப் பார்த்தால், அது பிறந்த சில ஆண்டுகளிலேயே ஜனங்கள் உதவி தேடி அலையத் தொடங்கிவிட்டது தெரிகிறது. லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆர்தர் வின் என்பவர், 1913ஆம் வருஷம் டிசம்பர் 21ஆம் தேதி 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில், வைர வடிவத்தில் முதல் புதிரை வெளியிட்டார். 1924இல் சைமன், ஷூஸ்டர் என்ற இரு இளைஞர்கள் புதிதாகத் தொடங்கிய பிரசுராலயம் தன் முதல் வெளியீடாகக் குறுக்கெழுத்துப் புதிர்களின் தொகுதியை, ஒவ்வொரு பிரதியோடும் ஒரு பென்சிலை இணைத்து விற்றது. அதன்பிறகு அமெரிக்காவில் பரவிய மோகத்தை வர்ணிப்பது எளிதல்ல. பால்டிமோர்-ஒஹையோ ரயில்வே கம்பெனி பிரயாணிகளின் வசதிக்காகத் தன் வண்டிகளில் அகராதிகளை வைத்தது. நியூயார்க் பொது நூலகத்தார், புதிர் ரசிகர்கள் அகராதிகளையும் கலைக்களஞ்சியங்களையும் மொய்த்துக்கொண்டு, உண்மையான ஆராய்ச்சிக்கு வரும் வாசகர்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். அக்காலத்துப் புதிர்கள் நேரான பொருளைக் கேட்பவையே ஆதலால், அகராதி ஒன்றே போதுமான துணையாக இருந்தது. அபூர்வமான பறவையின் பெயரோ, எங்கோ ஓடும் நதியின் பெயரோ தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது.

இங்கிலாந்து சென்றபோதுதான் புதிரின் சுபாவம் மாறிற்று. 'டெய்லி டெலிகிராஃப்' 1925இலும், 'தி டைம்ஸ்' 1930ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்திலும் தினசரிப் புதிரைத் தொடங்கின. இதனிடையே 'அப்சர்வர்' வாரப் பத்திரிகையில் எட்வர்டு பவிஸ் மேதர்ஸ் என்ற கவிஞர், ஸ்பெயின் தேசத்து மதவிசாரணை அதிகாரி ஒருவரின் பெயரான 'டார்க்கிமாடா' என்பதைப் புனைபெயராக வைத்துக்கொண்டு, அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டாலும் விடை தெரியாத புதிர்களை அமைக்கத் தொடங்கினார். அவர் மேதைதான், ஆனால் வாசகரை வழியில் விட்டுவிட்டுத் தாம் மட்டும் நெடுந்தூரம் போய்விடுகிற மேதை. அவருக்குப்பின் வந்தவர்கள்தாம் நியாயம் என்ற கேள்வியை எழுப்பினார்கள். 'ஆஃப்ரிட்' என்ற புனைபெயர் கொண்ட ரிச்சி, 1949இல் வெளியிட்ட சிறு நூலொன்றில், அமைப்பாளர் வாசகரின் கவனத்தை வேறு திசையில் திருப்பலாமே தவிர, அவர் எழுதிய சொற்களைச் சரியானபடி படித்தால் அவை விடையையே சொல்லவேண்டும் என்ற விதியை வகுத்தார். 'சிமனீஸ்' என்ற பெயரில் அப்சர்வரில் அந்தப் பணியைத் தொடர்ந்த மக்நட் என்ற ஆசிரியர், 1966இல் இந்த விதிகளை விரித்து ஒரு முழு நூலாகவே எழுதினார். நேரான பொருள் ஒன்று, நேர்மையான சூத்திரம் ஒன்று, இவற்றுக்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம் என்பதே அவர்கள் வழியின் சாரம்.

இந்த விதி வாசகருக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது எளிதில் கண்ணில் படுவதில்லை. குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வேலை உண்டு என்ற உறுதி இருக்கும்போது, விடை சரியா தவறா என்று அடுத்தவரைக் கேட்கவேண்டிய அவசியமே இல்லை. பொருளும் சூத்திரமும் ஒரே சொல்லில் வந்து சந்தித்துவிட்டால், அந்தச் சந்திப்பே சாட்சி.

இதன் மகத்துவம், இதற்கு நேர்மாறான ஒன்றை வைத்துப் பார்த்தால் நன்கு விளங்கும். நம் நாட்டில் குறுக்கெழுத்து என்றால் முதியவர்கள் பலருக்கு ஞாபகம் வருவது பரிசுப் போட்டிதான். 1930களில் எஸ். எஸ். வாசன் 'ஆனந்த விகட'னில் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டிகள், அந்தப் பத்திரிகையைத் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்த காரணங்களில் ஒன்று. நாளாவட்டத்தில் தேசமெங்கும் பரிசுப் போட்டிகள் பெருகி, பெரிய வியாபாரமாகவே வளர்ந்துவிட்டன. அவற்றில் பலவற்றின் அமைப்பு எப்படியென்றால், ஒரே குறிப்புக்கு ஓரெழுத்து மாறிய இரண்டு சொற்கள் சம அளவில் பொருந்தும். நடத்துபவர்கள் முன்கூட்டியே உறையிலிட்டு மூடி முத்திரை வைத்திருக்கும் சொல் எதுவோ அதுவே சரியான விடை. அறிவுக்கு அங்கே வேலையில்லை, அதிர்ஷ்டமே தீர்ப்பு. இந்தப் போட்டிகளைக் கட்டுப்படுத்துவதற்காகவே 1955இல் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றி, மாதம் ஒன்றுக்குப் பரிசுத் தொகை ஆயிரம் ரூபாய்க்கு மேற்படலாகாது என்று வரம்பு விதித்தது. பெங்களூரிலிருந்து பரிசுக் குறுக்கெழுத்து நடத்திவந்த நிறுவனமொன்று வழக்காடி, விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்று, 1957இல் தீர்ப்பாயிற்று. அத்தகைய போட்டியில் ஒருவர் மற்றொருவருக்கு என்ன உதவி செய்ய முடியும்? ஊகத்தைக் கடன் கொடுக்கலாம். வழியைக் காட்ட முடியாது, ஏனெனில் வழியென்று ஒன்று இல்லை. உதவி என்ற சொல்லுக்கே அர்த்தம் உண்டாவது, புதிர் நியாயத்துக்குக் கட்டுப்பட்டிருக்கும்போதுதான்.

'தி ஹிந்து'வின் புதிர் அத்தகையது. அதை 1971ஆம் ஆண்டிலிருந்து அமைத்துக்கொடுத்தவர் யாரென்று அறிந்தால் பலருக்கு வியப்பாக இருக்கும். செங்கற்பட்டில் பிறந்து, 1958இல் இந்தியக் கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் என்ற பெருமை பெற்ற வைஸ் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி, உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றபின் இந்தப் பணியை மேற்கொண்டு, 1983இல் காலமாகும் வரையில் செய்துவந்தார். பிரிட்டிஷ் மரபில் தோன்றிய ஒரு கலையை இந்தியர் ஒருவர் நாள்தோறும் நடத்திக்காட்டலாம் என்பதற்கு அவர் போட்ட அஸ்திவாரத்தின் மீதே பின்னால் வந்த அமைப்பாளர்கள் கட்டினார்கள். தோசையும், டிசம்பர் மாதக் கச்சேரியும், கிரிக்கெட் வீரர்களும், நம் ஊர்ப் பெயர்களும் ஆங்கிலப் புதிருக்குள் இயல்பாக வந்து அமர்ந்துகொண்டன. லண்டன் வீதிகளின் பெயரும் அங்குள்ள பள்ளிகளின் பெயரும் தெரியாததால் தடுமாறிய வாசகருக்கு, அமைப்பாளர் தம் ஊர்க்காரராக இருப்பதே ஒரு சகாயந்தான்.

புதிரை அமைப்பவரும் உதவி தேடுவதுண்டு என்பதற்கு ஒரு விநோதமான சம்பவத்தைச் சொல்லலாம். இரண்டாம் உலக யுத்தத்தில் நேச நாட்டுப் படைகள் பிரான்சில் இறங்கத் தயாராகிக்கொண்டிருந்த 1944ஆம் ஆண்டு மே மாதத்தில், 'டெய்லி டெலிகிராஃ'பின் புதிர்களில் 'யூட்டா', 'ஒமாஹா', 'ஓவர்லார்டு', 'மல்பெரி' என்று, படையெடுப்பின் அதிரகசியமான சங்கேதப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக விடைகளாக வந்தன. ஜூன் முதல் தேதி 'நெப்டியூ'னும் வந்தது. அமைத்தவர் லெனர்டு டா என்ற பள்ளித் தலைமையாசிரியர். ரகசியப் போலீஸார் அவரை விசாரித்து, தற்செயல் என்று முடிவுகட்டிச் சென்றார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1984இல், அவருடைய பழைய மாணவர் ஒருவர் ஒரு விவரத்தை வெளியிட்டார். வெறுங்கட்டங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்துச் சொற்களால் நிரப்பச் சொல்வது அந்த ஆசிரியரின் வழக்கம். பிறகு அவற்றுக்குத் தாம் குறிப்பெழுதுவார். பள்ளிக்கு அருகில் முகாமிட்டிருந்த சிப்பாய்களின் பேச்சில் காதில் விழுந்த சொற்களைத் தாம் அந்தக் கட்டங்களில் எழுதியதாக அந்த மாணவர் கூறினார். அவர் கூறியதை முழுதும் ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். ஆயினும் ஒரு தலைமையாசிரியர் பிள்ளைகளின் சொற்களை வாங்கித் தம் குறிப்புகளைப் புனைந்தார் என்ற செய்தி எனக்கு மிகவும் பிடித்தமானது.

இனி, நம் வாசகரிடம் வருவோம். உதவி கேட்க நினைப்பவர் முதலில் தம்மிடமே கேட்டுக்கொள்ளவேண்டியவை சில உண்டு. குறுக்கே செல்லும் சொல்லின் எழுத்துகளில் ஏறக்குறைய பாதி, நெடுக்கே இறங்கும் சொற்களோடு சேர்ந்தவை. ஒரு குறிப்பில் அரைமணி நேரம் முட்டி மோதுவதைவிட, அதைக் குறுக்கே வெட்டும் வேறு குறிப்புகளை விடுவித்தால் இரண்டு எழுத்துகளாவது கைக்கு வரும். தமக்கு நிச்சயமில்லாத விடையை மையால் எழுதிவிட்டு அதன் பின்னால் ஒரு மூலையையே கெடுத்துக்கொள்பவர்கள் அநேகர், ஆகையால் பென்சில். இவ்வளவும் செய்தபின்னும் வழி திறக்கவில்லையானால், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கேட்கப்படுபவர் செய்யவேண்டியதுதான் கடினமான காரியம். தமக்குத் தெரிந்த விடை நாவின் நுனியில் நிற்கும்போது அதைச் சொல்லாமல் இருப்பதற்குப் பழக்கமும் அன்பும் வேண்டும். வீட்டுத் தாழ்வாரத்தில் பேத்திக்கும் பாட்டனாருக்கும் நடக்கும் பேச்சு ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். குறிப்பு இது: 'கடையிழந்த தேனுக்குப்பின் ஏழு நாள் மூவர் பாடியது'. நான்கெழுத்து.

"தாத்தா, தேன் வியாபாரி ஒருத்தன் கடையை இழந்துவிட்டானாம், அதற்காக மூன்று பேர் ஒரு வாரம் பாடினார்களாம். ஒன்றும் புரியவில்லை."

"வியாபாரி எங்கே அம்மா வந்தான்? குறிப்பில் அவன் இல்லையே. கதையை விட்டுவிடு. பொருள் முதலில் இருக்குமா, கடைசியில் இருக்குமா?"

"கடைசியில் என்று வைத்துக்கொண்டால், 'மூவர் பாடியது.' மூவர் என்றால் மூவேந்தரா?"

"வேந்தர்கள் பாடினார்களா, பாட்டுப் பெற்றார்களா?"

"அப்படியானால் பாடியவர்கள்... இருங்கள். கடை என்றால் முடிவு என்றும் அர்த்தம் உண்டல்லவா? தேனின் முடிவை எடுத்துவிட்டால் 'தே'. ஏழு நாள்... ஒரு வாரம்!"

அதன்பிறகு பாட்டனார் பேசவேண்டியதில்லை. சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் பாடிய தேவாரம், அந்தப் பெண்ணின் கையாலேயே கட்டங்களில் ஏறிவிடும். அவர் செய்ததெல்லாம் மூன்று கேள்விகள் கேட்டதுதான். முதலாவது கேள்வி புனைகதையை விலக்கியது. இரண்டாவது பொருளுக்கும் சூத்திரத்துக்கும் நடுவே கோடு கிழித்தது. மூன்றாவது தவறான திசையில் போன எண்ணத்தைத் திருப்பிவிட்டது. விடையை அவரே சொல்லியிருந்தால் அன்றைக்கு நான்கு கட்டங்கள் நிரம்பியிருக்கும். இப்போதோ, 'கடை' என்ற சொல் எந்தக் குறிப்பில் வந்தாலும் அவள் ஒரு கணம் நின்று யோசிப்பாள்.

மனிதர்களிடமிருந்து கிடைக்கும் இந்த உதவியோடு, நூல்களிடமும் யந்திரங்களிடமும் கிடைக்கும் உதவியையும் சேர்த்து எண்ணவேண்டும். எடின்பரோவில் பிறந்த சேம்பர்ஸ் அகராதி, அருஞ்சொற்களையும் வழக்கொழிந்த சொற்களையும் தாராளமாகச் சேர்த்துக்கொண்டிருப்பதால், பிரிட்டிஷ் புதிர் ரசிகர்களின் வேதமாக இருந்து வருகிறது. ஒரு சொல்லைப் பார்க்கப் போய் வேறு மூன்று சொற்களைக் கற்றுக்கொண்டு திரும்புவது அகராதிக்கே உரிய லாபம். பிரிட்டனில் சில பத்திரிகைகள், விசேஷக் கட்டணம் வாங்கிக்கொண்டு தொலைபேசி மூலமாக விடை சொல்லும் ஏற்பாட்டையும் ஒரு காலத்தில் நடத்தின. இப்போது, தெரிந்த எழுத்துகளையும் தெரியாத இடங்களையும் தட்டிக் கொடுத்தால், பொருந்தக்கூடிய சொற்களையெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் வரிசையாகக் காட்டும் யந்திரம் எல்லோருடைய சட்டைப்பையிலும் இருக்கிறது. அதை உபயோகிப்பது பாவம் என்று சொல்ல நான் தயாராக இல்லை; எழுத்துகளைக் கலைத்து அடுக்கும் இயந்திரத்தனமான வேலையை இயந்திரத்திடம் விடுவதில் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் அது காட்டும் பத்துச் சொற்களில் எது விடை என்று நிர்ணயிப்பதற்குக் குறிப்பின் நியாயத்திடமே திரும்பவேண்டும். அப்படித் திரும்பாமல், பொருந்துகிற சொல்லை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த குறிப்புக்குப் போகிறவர், ஆயிரம் புதிர்களை நிரப்பினாலும் ஆயிரத்தோராவது புதிரின்முன் முதல் நாள் நின்ற இடத்திலேயே நிற்பார்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த நல்ல பயிற்சி ஒன்று உண்டு. விடுவிக்க முடியவில்லையே என்று பழைய பத்திரிகையைக் கட்டோடு போட்டுவிடாமல், மறுநாள் விடை வந்ததும் நேற்றைய குறிப்புகளை மறுபடி எடுத்துக்கொண்டு, விடையிலிருந்து குறிப்புக்குத் திரும்பி நடந்து பார்க்கவேண்டும். இந்த விடைக்குப் பொருள் குறிப்பின் எந்த முனையில் இருக்கிறது, எஞ்சிய சொற்களில் ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று பென்சிலால் கோடிட்டுப் பார்த்தால், முதல் வாரத்தில் பத்துக்கு நாலு விளங்கும். அமைப்பாளர்களின் பெயர் புதிரின் மேலேயே அச்சாவதால், ஒருவரையே சில காலம் தொடர்ந்து படிப்பது இன்னும் நல்லது. ஒருவர் சிலேடையில் பிரியம் உள்ளவராக இருப்பார், மற்றொருவர் எழுத்தைக் கலைப்பதில். கடினமான புதிர்களுக்குப் போகுமுன், பழகத் தொடங்குவோரையும் மனத்தில் கொண்டு 1945இலிருந்து அப்சர்வரில் வந்துகொண்டிருக்கும், நம் ஹிந்துவிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நெடுங்காலம் மறுபிரசுரமான, 'எவ்ரிமேன்' புதிர்களைப் பழைய தொகுதிகளில் தேடி எடுத்துப் பழகலாம்.

அப்படித் திரும்பி நடந்தும் காரணம் தெரியாமல் சில குறிப்புகள் தங்கிவிடும். அவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் விடையோடு எழுதிவைத்துக்கொண்டு, தெரிந்தவர் ஒருவரைப் பார்க்கும்போது, "சார், விடை எனக்குத் தெரியும், இது எப்படி வந்தது என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். எவ்வளவு வேலையாக இருந்தாலும், இந்தக் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்லாத புதிர் ரசிகர் இருக்கமாட்டார்.